கெரயிடுகளின் கூடாரத்தைச் சாய்த்த செல்வசிங்

மணவாளக்குறிச்சி கொத்தனார் தாவீதின் கடைசி மகன் செல்வசிங். அவன் அம்மை தக்கலைக்காரி. அந்த வம்சத்தில் யார் சிரித்தாலும் கண் இரண்டும் மூடிக்கொள்ளும். இவனுக்கும் அதே கண். துபாயில் கல்யாணக் கூடாரம் கட்டும் கம்பெனியில் வேலை, சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் மேல்கட்டிலில் படுக்கை. இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஜனவரி மாதம் அவனுக்குக் கால் தரையில் பாவவே இல்லை. காரணம், சபைப் பாடகர் குழுவில் பாடும் நர்ஸ் அருள்செல்வி. அவளுக்குச் சம்மதம். அவளைக் கூட வைத்திருந்த சித்தி வசந்தகுமாரிக்குத்தான் சம்மதம் இல்லை.

“கட்டிலுக்கு மேல கட்டில்ல கெடக்கியவன், எங்க பிள்ளைய எங்கன கொண்டு வச்சுக் குடும்பம் நடத்துவியாம்?”

“ஷார்ஜாவுல ரூம் பாத்தாச்சு சித்தி.”

“யாருலே ஒனக்குச் சித்தி?”

அந்த நேரத்தில்தான் சபை ஆண்டுவிழா வந்தது. வழக்கமான யோசேப்பு நாடகம் அலுத்துப்போன போதகர், கெரயிடுகள் கதையைப் போடுவோம் என்றார். ஒருவருக்கும் தெரியாத பெயர். அவரே கதையைச் சொன்னார். மங்கோலியப் புல்வெளியில் ஆடும் குதிரையும் மேய்த்து, கூடாரத்தோடு இடம் மாறிக்கொண்டே இருந்த பல குலங்களின் கூட்டம் அது. ஆயிரம் வருஷத்துக்கு முன் அவர்களுடைய ராஜா பனியில் வழி தவறி நிற்க, ஒரு பரிசுத்தவான் தோன்றி, “கிறிஸ்துவை நம்பு, வழி காட்டுகிறேன்” என்றாராம். வீடு வந்து சேர்ந்த ராஜா, கூட்டத்தோடு ஞானஸ்நானம் வேண்டும் என்று ஆள் அனுப்பினார். நிலையாய் ஓரிடத்தில் இராதவர்களுக்குக் கல் கோவில் எதற்கு? ஒரு கூடாரத்தில் சிலுவையை வைத்தார்கள், அதுவே கோவில். தவக்காலம் வந்தபோது இன்னொரு குழப்பம். இறைச்சியும் பாலும் அல்லாமல் வேறு ஆகாரமே இல்லாத ஊரில் எதைத் தின்று நோன்பிருப்பது? இறைச்சியை விடுங்கள், பாலைக் குடியுங்கள் என்று திருச்சபை மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததாம்.

இருநூறு வருஷம் கழித்து, அவர்களுடைய ராஜா ஓங் கான் பொன் கூடாரத்தில் விருந்தில் இருக்கையில் செங்கிஸ் கான் படை வந்து வளைத்தது. கூட்டம் சிதறிப்போனது. ஆனால் ஓங் கானின் தம்பி மகள் சோர்காக்தனி, ஜெயித்தவன் வீட்டுக்கே மருமகளாகப் போய், பிள்ளைகளைச் சக்கரவர்த்திகளாக வளர்த்தாள்.

போதகர் ஓங் கான். அருள்செல்வி சோர்காக்தனி. வசனம் சொல்லிக்கொடுப்பதும், ராணியாகப் பால் ஊற்றுவதும் வசந்தகுமாரி. கூடாரம் செல்வசிங் பொறுப்பு. செங்கிஸ் படை உள்ளே வந்தபின் அவன் கயிற்றை உருவிக் கூடாரத்தை இறக்க வேண்டும்.

“அதுக்கு முன்ன அது அசையப்பிடாது. ஒரு கூடாரத்த ஒழுங்கா நிறுத்துவியான்னு பாப்போம். பிறகு கல்யாணத்தப் பேசுவோம்” என்றாள் வசந்தகுமாரி.

முதலாளி அரபி, மஞ்சள் ஜரிகைத் துணியை இரவல் கொடுத்தார். போர்மேன் கௌஸ் முகம்மது, கீழக்கரைக்காரர், பிக்கப்பில் அதைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, நாடகம் பார்க்க முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணம் முடிந்து விருந்தாளிகள் போனதும், இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடிப்பார். அதைக் கேட்டதும் எல்லா ஆளும் கயிற்றை உருவ வேண்டும். வருஷக்கணக்கில் பழகிய கை. விசிலுக்கும் கைக்கும் நடுவில் மூளைக்கு வேலையே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சபை மைதானத்தில் நாடகம். குதிரைப் பாலுக்குப் பதில் ஒட்டகப் பால். போதகர் தலையில் கிரீடம். விருந்து தொடங்கியது. ஜிகினா ஒட்டிய முழ உயரத் தொப்பியோடு அருள்செல்வி வந்தாள். செல்வசிங் கயிற்றைப் பிடித்தபடி, கண்ணை மூடாமல் சிரிக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தான்.

“மாஷா அல்லாஹ்! நம்ம பய குடுத்துவச்சவன்!” என்ற கௌஸ் முகம்மது, சந்தோஷம் தாங்காமல் இரண்டு விரலையும் வாயில் வைத்தார்.

விசில் பறந்தது. கை உருவியது.

பொன் கூடாரம் முழுவதும் கெரயிட் குலத்தின் தலையில் இறங்கியது. துணிக்கு அடியில் தலைகள் முட்டின, பால் குடம் உருண்டது, கிரீடம் தனியாக வெளியே வந்தது. பின்பக்கம் துடைப்பக்கட்டை வாளோடு காத்திருந்த செங்கிஸ் படை ஓடிவந்து திகைத்து நின்றது. அதில் ஒருவன் கத்தினான்: “போதகரே, நாங்க இன்னும் வரவே இல்லியே! அப்ப ஜெயிச்சது யாரு?”

செல்வசிங்குக்குச் சிரிப்பு செத்துவிட்டது. எல்லாம் போயிற்று என்று உருவிய கயிற்றையே பார்த்து நின்றான்.

ஜரிகை ஓரத்தைத் தூக்கிக்கொண்டு, நசுங்கிய தொப்பியோடு அருள்செல்வி வெளியே வந்தாள். நேரே அவன் பக்கம் கையை நீட்டினாள்.

“ஜெயிச்சது இவரு! ஜெயிச்சவர் வீட்டுக்கு நான் மருமகளாப் போறேன். சித்தி, நீங்க சொல்லித்தந்த வசனம்தானே? ஒரு எழுத்து மாத்தல்ல.”

மைதானமே அதிர்ந்தது. கௌஸ் முகம்மது மறுபடி விரலை வாய்க்குக் கொண்டுபோக, பக்கத்திலிருந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வசந்தகுமாரி துணிக்குள்ளிருந்து எழுந்தாள். மூக்கு நுனியில் பால் சொட்டியது. திட்டத்தான் வாயைத் திறந்தாள்; சிரிப்புதான் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

செல்வசிங் கிட்டே போனான். “மன்னிச்சிருங்க, மேடம்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள் அவள்.

“மேடமா? சித்தின்னு விளிலே!”