ஜல்லி போய்ப் புல் வந்த வாசல்

“பாம்பு வந்தா உன் நாக்கப் பாத்துட்டு அதுவே திரும்பிப் பூடும். நீ இன்னாத்துக்குக் கவலப்படறே?”

ஒட்டுச்சுவர் வீட்டு ஐடாவைப் பார்த்து இப்படிச் சொன்னபோது, தாயம்மா இரும்புச் சட்டியில் ஜல்லியை அள்ளி வேலியோரம் கொட்டிக்கொண்டிருந்தாள். தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் அந்த வரிசை முழுக்க வாசலில் ஜல்லிதான். சுரங்கம் ஓடிய காலத்தில் கொட்டிய கல். அதை வாரிப் போட்டுவிட்டுப் புல் போடப் போகிறேன் என்று ஒருத்தி கிளம்பினால் அக்கம்பக்கம் சும்மா இருக்குமா?

“பாம்பு கெடக்கட்டும்க்கா, தண்ணிக்கு எங்க போவ? கொழாயில எட்டு நாளைக்கு ஒரு தபா வருது. புல்லு வளக்க மாடு வெச்சிக்கினு கீறியா?”

“வூட்டுக்குள்ள ஒண்ணு கட்டி வெச்சிக்கினு கீறனே, தெரியல?”

உள்ளே கட்டிலில் கிடந்த கோவிந்தன் அதைக் கேட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. தாயம்மா சட்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

தாயம்மாவை நல்லவள் என்று யாரும் சொன்னதில்லை. குடியாத்தம் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் வாழ வந்தவள். மாமியார் ஒன்று சொன்னால் இவள் நாலு சொல்லுவாள். சுரங்கத்தை மூடிப் புருஷன் வீட்டில் உட்கார்ந்தபோது, விடியற்கால ரயிலில் பெங்களூருக்குப் போய் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, மகள் நளினியை நர்சுக்குப் படிக்க வைத்தாள். யாருக்கும் பயந்ததில்லை. அவளுக்கு இருந்த ஒரே பயம் கோவிந்தனின் மூச்சு.

கோவிந்தன் இருபத்திரண்டு வருஷம் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கிப் பூமிக்கடியில் பாறையைத் துளைத்தவர். அந்தக் கல்தூள் நுரையீரலில் போய் உட்கார்ந்துவிட்டது. வாசல் ஜல்லிக்குள் சேர்ந்த தூசி காற்றடித்தால் கிளம்பும். அதைப் பெருக்கவும் முடியாது. போன ஆடி மாதம் மட்டும் மூன்று தடவை ஆஸ்பத்திரி.

“இன்னொரு ஆடிக் காத்த அப்பா தாங்க மாட்டாரும்மா,” என்று நளினி மறைக்காமல் சொல்லிவிட்டாள். “வாசல்ல புல்லு போடு. தூசிய அது புடிச்சிக்கும்.”

ஆடி பிறக்கப் பத்து நாள்தான் இருந்தது.

ஜல்லியை எடுக்கவே ஆறு நாள் ஆனது. எடுத்த இடம் சாண் ஆழத்துக்குப் பள்ளமாக நின்றது. செம்மண் கொட்ட வேண்டும் என்றான் டிராக்டர் ஓட்டும் மனோகர்.

“மேட்டு மண்ணு சும்மா கெடக்கச்சொல செம்மண்ணு இன்னாத்துக்குடா? அத்த அள்ளியாந்து கொட்டு.”

தங்கத்தை எடுத்துக்கொண்டு ஆலை துப்பிய அரைத்த கல்தான் மேடு. ஊரைச் சுற்றிக் குன்று குன்றாக நிற்கிறது. வெளியூர்க்காரனாக இருந்தால் யோசித்திருப்பான். அதன் நிழலில் ஐம்பது வருஷம் துணி காயப்போட்டவளுக்கு அது வெறும் மண். மனோகரும் அந்த ஊரில் பிறந்தவன்தானே, அவனுக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு நடை கொட்டி, மாவு மாதிரி மட்டமாக நிரவிக் கொடுத்தான். நளினிக்கு அந்த வாரம் பெங்களூரில் டியூட்டி. ஞாயிற்றுக்கிழமை புல் வரவேண்டியது.

சனிக்கிழமை மதியமே காற்று வந்துவிட்டது.

முதலில் வாசலில் ஒரு வெள்ளைச் சுருள் எழுந்தது. அடுத்த வீச்சில் எதிர்வீடு மறைந்தது. தாயம்மா கதவைச் சாத்தி, ஜன்னலில் ஈரப் புடவையைத் தொங்கவிட்டாள். அப்படியும் ஓட்டு இடுக்கு வழியாகத் தூள் இறங்கியது. கோவிந்தன் முட்டியில் கையூன்றிக் குனிந்து மூச்சை இழுத்தார். மூச்சு மருந்துப் பம்பை இரண்டு தடவை வாயில் அடித்தும் நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது.

போர்வையில் படிந்த தூளை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

“இன்னாடி... மேட்டு மண்ணா இது?”

தாயம்மா போர்வையை உருவிச் சுருட்டினாள்.

“நான் கீழ ஒடச்சி... மேல அனுப்புன கல்லுடி. திரும்ப... என் வாயிலயே கொட்டிட்டியே.”

தாயம்மா முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள்.

நளினிக்குப் போன் போட்டாள். “இந்தப் புழுதில அப்பாவ வெளிய தூக்கினு போவாதம்மா! மொதல்ல மண்ண அடக்கு. நான் ரயில் புடிச்சி வரேன்,” என்றாள் மகள். ட்ரம்மிலிருந்த தண்ணீரைக் குடம் குடமாக வாசலில் ஊற்றினாள் தாயம்மா. மண் குடித்துவிட்டு உடனே வெளுத்தது. ட்ரம் காலி. குழாயில் இனிச் செவ்வாய்க்கிழமைதான். டேங்கர்காரனைக் கூப்பிட்டாள்.

வண்டி வந்து நின்றதும் தெருவே முகத்தை மூடிக்கொண்டு குடத்தோடு ஓடிவந்தது.

“யாரும் கொடம் வெக்காதீங்க! மண்ணுக்கு ஊத்தணும்!”

“குடிக்கவே தண்ணி இல்ல, மண்ணுக்கா? இன்னாக்கா, புத்தி பெரண்டு போச்சா?” என்று சீறினாள் ஐடா. உள்ளேயிருந்து அந்த இழுப்புச் சத்தம் கேட்டது. ஐடா குடத்தைக் கீழே வைத்துவிட்டு டேங்கர் பைப்பைப் பிடுங்கிக்கொண்டாள். “நான் அடிக்கறேன். நீ உள்ள போயி அண்ணன் முதுகத் தேச்சி வுடு. போங்கறேன்ல!”

தாயம்மா போனாள். தேய்க்கத் தேய்க்க உள்ளங்கைக்கு அடியில் முதுகெலும்பு ஏறி இறங்கியது. வெளியே தண்ணீர் கொட்டும் சத்தம். எண்ணி எண்ணி அவளும் அவரோடு சேர்ந்து மூச்சு விட்டாள். டேங்கர் காலியாவதற்குள் மண் கறுத்து இறுகிவிட்டது. காற்று வீசிக்கொண்டேதான் இருந்தது, கிளம்பத் தூள் இல்லை. பொழுது சாய நளினி வந்து சேர்ந்தபோது கோவிந்தன் தலையணையில் சாய்ந்து, “காப்பி கீதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஈரம் காய்வதற்குள் மனோகர் அத்தனை மண்ணையும் வாரிக்கொண்டு போனான். தாயம்மா அவனைத் திட்டவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. செம்மண் வந்தது, புல் வந்தது. பாதி காய்ந்து போனது, பாதி பிடித்துக்கொண்டது. அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் அதற்குத்தான்.

ஆடி பாதி போன பிறகு ஒருநாள் காலையில், கோவிந்தன் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு, செருப்பைக் கழற்றிப் புல்லில் கால் வைத்து உட்கார்ந்தார். காற்று வேட்டியை அடித்தது. அவர் இருமவில்லை.

“அன்னிக்கி அந்தத் தண்ணிக்கு எவ்ளோ குடுத்த?”

“அது இன்னாத்துக்கு இப்போ உனுக்கு?”

“சொல்லேன்டி.”

“ஆயிரத்து முந்நூறு. வூட்டுக்குள்ள மாடு கட்டி வெச்சிக்கினா செலவு ஆவாதா?”