பன்னிரண்டாவது சோதனை

செம்பு பாய்லரின் மேல் காதை ஒட்டவைத்து, ஒரு கையால் பம்பை அழுத்துகிறார். உள்ளே தண்ணீர் ஏறுகிறது. எங்காவது கசிகிறதா என்று கேட்கிறாராம். “மூச்ச கொஞ்சம் மெதுவா விடுங்க சார், அது வேற கேக்குது” என்கிறார் என்னிடம். நான் நிற்பதோ கதவுக்கு வெளியே.

தெருவில் இவருக்கு ‘மெதுவா’ என்றே பெயர். கீழ்வீட்டுக்காரர், நான் மாடியில் குடியிருக்கிறேன். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறார். மற்ற நேரமெல்லாம் கார் நிறுத்த வேண்டிய ஷெட்டில் நீராவி ரயில் எஞ்சின் செய்கிறார். பெரிய எஞ்சினை அப்படியே சுருக்கியது, ஓர் ஆள் படுக்கும் பெஞ்சு நீளம். கரி போட்டால் ஓட வேண்டியது. சக்கரம், பிஸ்டன், விசில் எல்லாம் தயாராகி ஒன்பது வருட உழைப்பு முடிந்துவிட்டது. நெருப்பு மட்டும் ஒரு தடவைகூட வைக்கவில்லை. பயம்.

பயம் சும்மா வரவில்லை. பாய்லருக்குள் நெருப்புப் பெட்டியை இழுத்துப் பிடிக்க அறுபத்திரண்டு செம்புக் கம்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் வெள்ளிப் பற்று வைத்து ஒட்டினார். முப்பத்தெட்டாவது கம்பியின்போது வாசல் மணி அடித்தது. எழுந்து போய்த் திரும்பியவருக்கு, விட்டது முப்பத்தெட்டிலா முப்பத்தொன்பதிலா என்று மறந்துபோனது. ஒரு கம்பி ஒட்டாமலே போயிருக்கலாம். மூடிய பாய்லரைத் திறந்து பார்க்கவும் வழியில்லை. அன்று மணியடித்தவன் நான்தான். மாடி காலியா என்று கேட்க வந்தேன். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதில்லை. ஆனால் என் கட்டிலை ஷெட்டுக்கு நேர் மேலிருந்து எதிர் மூலைக்கு நகர்த்திவிட்டேன்.

சந்தேகம் வரும்போதெல்லாம் தண்ணீர்ச் சோதனை வைப்பார். ஓட எண்பது பவுண்டு அழுத்தம் போதும்; சோதனையில் நூற்றறுபது வரை ஏற்றுவார். எண்பதிலேயே திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வு அதற்கு இடைஞ்சல். அதனால் அதன் தலையில் ஒரு பித்தளை நட்டை முடுக்கி அமுக்கிவிட்டு, சோதனை முடிந்ததும் கழற்றுவார். பதினொரு தடவை தாங்கிய பிறகும் நம்பிக்கை வரவில்லை. கேட்டால், “தண்ணி உடைச்சா ஒழுகும், தொடச்சுக்கலாம். ஆவி அப்படியில்ல சார். ஆளையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிடும்” என்பார். அதன்பின் மாடியில் எனக்குத் தூக்கம் எங்கே வரும்?

அவர் மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறவர். பயத்தில் தன் பங்கையும் கணவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டவர். போன வாரம் அவருக்குப் பொறுமை போய்விட்டது. வருகிற ஞாயிறு பற்றவைக்கிறோம், இல்லையென்றால் பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை நான் இறங்கிப் போனபோது ‘மெதுவா’வின் முகம் வெளிறிக் கிடந்தது. விடிந்ததுமே மனசு கேட்காமல் பன்னிரண்டாவது சோதனையும் வைத்து முடித்திருந்தார். நெருப்பு பிடித்தது. மனைவி சிறு முக்காலி போட்டு நெருப்புப் பெட்டிக்கு நேரெதிரே குனிந்து உட்கார்ந்து, கரண்டியால் கரி ஊட்டினார். அவர் முகத்துக்கும் பாய்லருக்கும் ஒரு முழம்கூட இருக்காது.

அழுத்தமானியின் முள் எழுபதைத் தொட்டது. எண்பதில் வால்வு சீறும் என்றார் ‘மெதுவா’. எண்பது வந்தது, சீறவில்லை. முள் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். தொண்ணூறு. நூறு. என் கால்கள் எப்போது கேட் வரை போயின என்று எனக்கே தெரியாது.

“என்னங்க, சீறலையே?” என்றார் மனைவி, கரண்டியைக் கீழே வைக்காமல்.

அவர் வால்வைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அதன் தலையில் பித்தளை நட்டு, காலையில் முடுக்கிய இடத்திலேயே, பளபளவென்று இருந்தது.

“எழுந்திரு” என்றார். குரல் உயரவே இல்லை. “மெதுவா பின்னால போ.”

மனைவி நகர்ந்ததும் அந்த முக்காலியில் அவர் போய் உட்கார்ந்தார். இரும்பு இடுக்கியைத் தேட நேரமில்லை. நெருப்புப் பெட்டியின் அடிச்சட்டத்தைத் தாங்கிநிற்கும் கம்பி ஊசியை வெறுங்கையால் உருவினார். கரித்தணல் மொத்தமும் கீழே தட்டில் கொட்டியது. முள் நூற்று முப்பதில் நின்றது. நூற்றறுபதைப் பன்னிரண்டு தடவை தாங்கிய பாய்லர்தானே என்று இப்போது எழுதுவது சுலபம். அப்போது அந்த முள் இறங்குமா ஏறுமா என்பதைத் தவிர உலகத்தில் எனக்கு வேறெதுவும் இல்லை. இவர் மட்டும் முக்காலியை விட்டு எழவில்லை. மனைவியை மறைத்தபடி முதுகை அகட்டி உட்கார்ந்திருந்தார்.

இறங்கியது. சுழிக்கு வர இருபது நிமிடம் ஆனது. நட்டு கை தாங்கும் அளவுக்கு ஆறியதும் அவர் அதைக் கழற்றினார். விரல்கள் கன்றிச் சிவந்திருந்தன.

“என்னதான் ஆச்சு?” என்று மனைவி கேட்டார். வால்வு இறுகிவிட்டது, அவ்வளவுதான் என்று ஒரு பொய் என் வாயில் தயாராக இருந்தது. முப்பத்தெட்டாவது கம்பியின் கடனாவது தீருமே என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மனைவியின் வலது கையை இழுத்து விரித்து, உள்ளங்கையில் அந்த நட்டை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.