சிவப்பு வரியும் என் விரலும்

கணினிக்குள்ளும் கண்ணிவெடி புதைக்கலாம் என்று நான் ஒரு காலத்தில் மனமார நம்பினேன். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள்.

அப்போது கிளிநொச்சியில் நாங்கள் பள்ளிக்கூடம் போகும் வழியில், காணி ஓரங்களில் கண்ணிவெடி எச்சரிக்கைச் சிவப்புப் பலகைகள் நின்றன. சிவப்பைக் கண்டால் நின்ற இடத்தில் நில், அசையாதே, பெரியவர்களைக் கூப்பிடு என்று வகுப்பில் படம் காட்டிச் சொல்லித்தந்தார்கள். மிச்சத்தைப் பொடியள் நாங்களே சேர்த்துக்கொண்டோம்: மிதித்தால் வெடிக்காது, காலை எடுத்தால்தான் வெடிக்கும்.

எங்கள் வீட்டுக் கணினியில் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும் மட்டும்தான். கட்டளையை அடித்தால் பதில் வரும். கணினி படித்துக்கொண்டிருந்த அக்கா, ஒரு விடுமுறை முழுக்கக் குந்தியிருந்து அந்தத் திரைக்கு நிறம் ஏற்றினார். கோப்புறைகளின் பெயர்கள் நீலம், படங்களின் பெயர்கள் ஊதா, கட்டளை எழுதும் இடம் பச்சை. கார்த்திகை விளக்கீட்டு நாள் வாசல் மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் வேறு யாருக்கும் கைவராத வித்தை என்று பள்ளியெல்லாம் அளந்துகொண்டு திரிந்தேன். பிழை வந்தால் சிவப்பு என்பதை மட்டும் அவர் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அக்கா கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, ஒரு பாட்டைப் போடச்சொல்லிக் கட்டளை அடித்து என்டரை அமத்தினேன். திரையில் நீளமாக ஒரு சிவப்பு வரி! விரலை எடுக்கவில்லை, எடுத்தால் அல்லவா வெடிக்கும்? அமத்திய விசை சும்மா இருக்குமா, பச்சை வரிகள் குபுகுபுவென்று மேலே ஓடின. வெடிக்கும் நேரத்தை எண்ணுகிறது என்றே முடிவுகட்டினேன்.

“அம்மா! மாட்டையும் அவிட்டுக்கொண்டு ஓடுங்கோ!”

“ஏன்ரா, மாடு என்ன செய்தது?” என்றார் அம்மா குசினி அடுப்படியிலிருந்து.

“சிவப்பு வந்திட்டுது! நான் மிதிச்சிட்டன்!”

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஈரத்தலையோடு ஓடிவந்த அக்கா சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். தன் விரலையும் அதே விசையில் வைத்தார்.

“நான் அமத்திப் பிடிச்சிருக்கிறன். நீ மெல்ல எடுத்திட்டு வெளியில போ.”

“அப்ப நீங்கள்?”

“நான் பாக்கிறன். போடா.”

போனேன். மகாவீரன், திரும்பியும் பார்க்கவில்லை. வேலியடியில் குப்புறப் படுத்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

அக்காதான் வந்து எழுப்பி, மண்ணைத் தட்டிவிட்டார். அன்று பின்னேரமே சிவப்பை எடுத்துவிட்டு மஞ்சளைப் போட்டார். “மஞ்சள் வடிவில்லை” என்று நான் மூக்கைச் சுளித்தேன். யாருக்காக அந்த மாற்றம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான்: நான் கேட்ட பாட்டு அந்தக் கணினியில் இல்லை.