ஆமை திறந்த ஜன்னல்

துப்பறியும் பிரிவில் அந்த அம்மாவுக்கு ஆமை என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவர் கோபித்துக்கொண்டதில்லை. கொலை நடந்த அறைக்குப் போனால் ஓர் ஓரமாக நின்று நிதானமாகப் பார்ப்பார். அவரோடு ஜோடியாக விசாரிக்கும் அதிகாரிக்கு ரயில் என்று பெயர். ஆமை படியேறி வருவதற்குள் ரயில் அறையை அலசி, அக்கம்பக்கத்தை விசாரித்து, ஆளையும் முடிவு செய்திருப்பார். இவர்களை ஒரே ஜீப்பில் ஏற்றிய மேலதிகாரியை இருவருமே மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அச்சக முதலாளி கொலையிலும் ரயில்தான் முதலில் உள்ளே போனார். பின்னறையில் மண்டை உடைந்து முதலாளி கிடந்தார். அந்த அறையின் ஒரே கதவு, இயந்திரம் ஓடும் கூடத்துக்குத் திறந்தது. கூடத்தில் காலையிலிருந்து மருமகன் மட்டும்தான் இருந்தான். தன்னைத் தாண்டி யாரும் உள்ளே போகவில்லை என்றான். அதுவே அவனுக்கு வினையானது. சந்துப் பக்கத்து ஜன்னல் கம்பியில்லாதது, தாழ்வானதுதான். ஆனால் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. குழப்பம் என்னவென்றால், மருமகன் சட்டையில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை, அடித்த ஆயுதத்தையும் காணோம்.

“அப்ப பேய் வந்தா அடிச்சுது?” என்றார் ரயில். மருமகனை உள்ளே வைத்தார்கள்.

முதலாளியோடு சண்டை போட்டுப் பிரிந்த பழைய கூட்டாளி ஓடிவந்து ஊரே கேட்கும்படி அழுதார். அவருடைய புதுச் செருப்பு கிறீச்சிட்டதை ஆமை கவனித்தார். அப்போது அதற்கு அர்த்தம் எதுவும் தோன்றவில்லை.

செத்தவரின் மகள் ஸ்டேஷன் வாசலை விட்டு நகரவில்லை. “அப்பாவைக் கொன்னவனைப் பிடிப்பீங்கன்னு நம்பி வந்தேங்க்கா. என் வீட்டுக்காரரையும் கொண்டுபோயிட்டீங்களே,” என்றாள்.

விடுமுறை நாளில் ரயிலும் மனைவியும் ஆமை வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். ரயில் பேசிக்கொண்டே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். புழுக்கம் தாங்காமல் ஆமை திறந்துவிட்டார். பேச்சு நிற்காமலே ரயில் மறுபடி போட்டார்.

“அண்ணே, இப்ப என்ன பண்ணீங்க?”

“என்ன பண்ணேன்? பேசிட்டிருக்கேன்.”

அவர் மனைவி சிரித்தார். “எனக்குத் தூசி பட்டா இழுப்பு வந்துடும்மா. கல்யாணம் ஆன நாள்லேருந்து திட்டித் திட்டிப் பழக்கினது. இப்ப கை தானாப் போகுது. போன மாசம் பஸ்ல முன் சீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தி அடி வாங்கப் பார்த்தார்.”

ஆமை சிரிக்கவில்லை. அச்சகத்துத் தாழ்ப்பாளில் தெளிவாகக் கிடைத்த ஒரே கைரேகை ரயிலுடையது. சோதிக்கும்போது பட்டிருக்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

“அங்கேயும் நீங்கதான் போட்டீங்களாண்ணே?”

ரயில் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். மனைவியின் சிரிப்பு நின்றது.

“ஞாபகம் இல்லம்மா,” என்றார் கடைசியில். “சத்தியமா இல்ல.”

சாப்பாட்டைப் பாதியில் விட்டுச் சந்துக்குப் போனார்கள். ஜன்னல் மூடியிருந்ததால் அந்தப் பக்கம் யாருமே தேடியிருக்கவில்லை. ஜன்னலுக்கு நேர் கீழே சாக்கடையில் ஓர் இரும்புக் கம்பியும் வார் அறுந்த ஒற்றைச் செருப்பும் கிடந்தன. செருப்பைப் பார்த்ததும் ஆமையின் காதில் அந்தக் கிறீச் கேட்டது. மருமகன் கூடத்துக்குள் விடமாட்டான் என்பதால் ஜன்னல் வழியாகவே பேசப் போனதாகவும், பேச்சு முற்றி ஏறிக் குதித்து அடித்துவிட்டதாகவும் கூட்டாளி மாலையில் ஒப்புக்கொண்டார்.

தாழ்ப்பாள் விஷயத்தை எப்படிச் சொல்வது என்று ஆமை யோசித்துக்கொண்டிருக்கும்போதே ரயில் மேலதிகாரியின் அறைக்குப் போய்விட்டார். வெளியே வந்தவரிடம், கைக்கு எட்டிய பதவி உயர்வு போய்விட்டதா என்று ஆமை கேட்கவில்லை. வாசலில் மகள் கணவனின் சட்டையைப் பற்றிக்கொண்டு அழுதாள். ரயில் தூணுக்குப் பின்னால் நின்றார்.

அடுத்த வழக்கிலும் அவர்தான் முதல் ஆளாக உள்ளே போனார். ஆமை மூச்சு வாங்கப் படியேறி வந்தபோது, அறையின் நடுவே இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் திணித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“எதையும் தொடலம்மா. நீங்க பாருங்க.”