நடுக்கூடத்துத் தொங்குவிளக்கு

தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்த நான் பதுளையில் ஓட்டு வீடு கட்டினேன். கூடத்து நடுவில் நான் மாட்டிய தொங்குவிளக்கு அந்தத் தெருவில் எவனிடமும் இல்லை. ஆனால் என் சம்சாரம் அங்கே உட்காரவே மாட்டாள்.

"மனசு நெலையா இல்லைங்க. எங்கண்ணன் லயத்துக்கே போயிடுறேன்" என்பாள். எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை, வெளியே சொல்வேனா?

பட்டு விற்க வந்த சீனன் அண்ணாந்து பார்த்தான். "தலைக்கு மேல வெளக்கு, ஆளை அமுக்கும். மூலை இருட்டு. அங்க வை."

"துணி விக்க வந்தியா, சாத்திரம் சொல்ல வந்தியா?" என்று அதட்டினேன்.

"ஒங்க பவுசுக்குத்தான் நடுவுல தொங்குது. கழட்டுங்க" என்றாள் அவள்.

கழற்றி மூலையில் மாட்டினேன். அன்று மாலை அவள் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். லயப் பேச்சே இல்லை. தெருவில் போகிறவன் கண்ணுக்கு விளக்கு தெரியவில்லையே என்று நான்தான் வாசலுக்கும் மூலைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.