சூசையப்பன் வாய் திறக்காத கல்யாணம்

தேவிகுளம் பக்கத்தில் எங்கள் எஸ்டேட்டில் சூசையப்பன் தேயிலை ஃபாக்டரி ஃபிட்டர். ஊருக்குப் போன வெள்ளைக்காரத் துரை அவருக்கு விட்டுப்போன ஒரே சொத்து, "கான் ஃபட்" என்கிற இரண்டு வார்த்தை. மிஷின் பழுதானால் துரை அப்படித்தான் கத்துவாராம். நம் பாஷையில் பணால். துரை கோபத்தில் சொன்னதை இவர் சிரித்துக்கொண்டே சொல்வார். லயத்துக் கூரை காற்றில் பறந்தபோதும் "கான் ஃபட்", கடைவாய்ப் பல் விழுந்தபோதும் "கான் ஃபட்". துக்க வீட்டில்கூட ஒருமுறை ஆரம்பித்துவிட்டார். நல்லவேளை, மனைவி செபமாலையம்மாள் வாயைப் பொத்தினாள்.

எழுபத்துநாலில் மகள் சிசிலிக்குக் கல்யாணம். மறுநாள் விபூதிப் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் கோயிலில் தாலி கட்ட முடியாது. மாப்பிள்ளை சிலுவைராஜுக்கோ பட்டாளத்து லீவு அந்த வாரத்தோடு சரி. அன்றைக்கு விட்டால் அடுத்த வருஷம்தான்.

"அப்பா, இன்னைக்கு ஒரு நாள் அந்தப் பேச்சு வாயில வரக் கூடாது," என்றாள் சிசிலி.

"மாதா மேல சத்தியம், தாயி."

பாவம், அன்றைக்கென்று பார்த்துத்தான் பந்தல் சரிந்தது. சூசையப்பன் உதட்டைக் கடித்துக்கொண்டார். குழாய் ரேடியோ ஊமையானது. வெற்றிலையை வாய் நிறையத் திணித்துக்கொண்டார். கடைசியில் ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். மாப்பிள்ளை வீட்டார் வந்த லாரி பள்ளத்து வளைவில் நின்றுவிட்டதாம். சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். மாட்டுப்பட்டி எஸ்டேட்டில் அவருக்கு இன்னொரு கல்யாணம் காத்திருந்தது.

"பன்னெண்டு மணி வரைக்கும் இருக்கேன் சூசை. அதுக்கு மேல முடியாது."

எல்லோரும் சூசையப்பன் வாயையே பார்த்தோம். மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லை. புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், கொழுந்து ஏற்றும் டிராக்டரைக் கிளப்பினார். யாரிடமாவது கேட்டாரா என்றால், இல்லை.

பன்னிரண்டு அடிக்கும் முன்னே, டிரெய்லரில் கொழுந்துச் சாக்குகளின் மேல் மாப்பிள்ளையும் மேளக்காரர்களும் குலுங்கிக் குலுங்கி வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை கோட்டெல்லாம் பச்சை இலை. எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிசிலியும் முக்காட்டுக்குள் சிரித்தாள். சிரிப்பு அடங்கும் முன்பே தாலி ஏறிவிட்டது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம். திரும்பினால், சூசையப்பன் தேம்பித் தேம்பி அழுகிறார். சாமியார் ஜெபத்தையே நிறுத்திவிட்டார்.

"நட்டத்துக்கெல்லாம் பல்லக் காட்டிட்டு, நல்லது நடக்கையில அழுவுறதப் பாரு," என்று செபமாலையம்மாள் முந்தானையை அவர் கையில் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவளே அதைத் திருப்பி வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.