வெட்டுவதற்கென்றே தைத்த சட்டை

கழுத்திலிருந்து கீழ்விளிம்பு வரை சட்டையின் முன்பக்கத்தைப் பெரிய பெரிய தையலாக மூட்டிக்கொண்டிருப்பார் தையல்காரர். பொத்தான் கிடையாது. கடைசித் தையலைப் போட்டு நூலைப் பல்லால் கடிக்கும்போது உள்ளேயிருந்து மனைவியின் குரல் வரும்.

"இன்னைக்கு எத்தனை தடவை அடிபட்டீங்க?"

"நாலு. ரெண்டு தடவை பொழச்சேன்" என்பார், காய்கறி விலை சொல்வதுபோல.

காலையில் கால்சட்டைக்கு நீளம் குறைப்பார், ஜிப் மாற்றுவார். பிற்பகலில் மருத்துவமனையின் பயிற்சிக் கூடத்தில் விபத்தில் அடிபட்டவராகப் படுத்துக் கிடப்பார். பரீட்சைக்கு வரும் டாக்டர் அவர் சட்டையை வெட்டி, மூச்சையும் ரத்தப்போக்கையும் பார்த்து, கடைசியில் ஆளைப் புரட்டி முதுகையும் பார்த்துவிட வேண்டும். எட்டே நிமிடம். பெரிய காயத்தை முதுகில்தான் வரைந்து வைத்திருப்பார்கள். புரட்ட மறந்தவர்தான் அதிகம். "கேட்டா மட்டும் சொல்லுங்க. முதுகைப் பத்தி மூச்சு விடக் கூடாது" என்று பயிற்சியாளர் முதல் நாளே சொல்லியிருந்தார். தையல்காரர் விட்டதில்லை. சர்க்கரைப் பாகில் கலக்கிய பொய் ரத்தத்துக்கு எறும்பு படையெடுத்து இடுப்பைக் கடித்தபோதுகூட மூட்டைபோலக் கிடந்தார். மறுநாள், ரத்தத்தை இனிமேல் கோந்தில் கலக்குங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

வெட்டுப்பட்ட சட்டைகளை மறுநாளைக்கு மூட்ட வீட்டுக்குக் கொண்டுவந்து, முதலில் ஜன்னலோரம் விரித்துப் பார்ப்பதில் அவருக்கு ஒரு பைத்தியம். கத்தரி தையல் மேலேயே ஓடியிருக்கிறதா, துணியைத் தின்றிருக்கிறதா? இரவு டியூட்டி முடித்து நேரே வந்தவரின் வெட்டு பாதியில் நின்று, பிறகு வேறெங்கோ தொடங்கும். முந்தின நாள் பழகிப் பார்த்தவரின் வெட்டு தையலை விடாது. அனுபவம் ஏற ஏற வெட்டு நேராகும் என்றுதான் முதலில் நினைத்தார். இருபது வருஷம் பழுத்த டாக்டர் ஒருவர் சட்டைப் பையோடு சேர்த்து நறுக்கிய அன்று அந்த எண்ணத்தைக் கைவிட்டார்.

"மேல உள்ளவங்க பக்கத்துல நின்னா கத்தரி கோணும். எங்கப்பா நின்னா எனக்கும் கோணத்தான் செஞ்சுது" என்பார்.

மூன்றாவது தடவையாகப் பரீட்சைக்கு வந்தார் ஒரு டாக்டரம்மா. இதிலும் தவறினால் அவசரப் பிரிவிலிருந்து மாற்றிவிடுவார்கள். பழகும் நாட்களில் அவர் வெட்டு இழை பிசகாது. "அண்ணே, தரை குளிருதா?" என்று கேட்டவரும் அவர் ஒருவர்தான்.

பரீட்சையன்று பிரிவின் தலைமை டாக்டர் தலைமாட்டில் வந்து கைகட்டி நின்றார். கழுத்தடியில் தொடங்கிய கத்தரி ஒரு சாண் போவதற்குள் தையலை விட்டு விலகியது; கண்ணை மூடியிருந்தாலும் தையல்காரருக்குத் துணி கிழிபடும் சத்தத்தில் அது தெரிந்தது. லேசாகக் கண்ணைத் திறந்தார். டாக்டரம்மா அவரைப் பார்க்கவில்லை, தலைமை டாக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கே வலிக்குது?"

"வயித்துல" என்றார், சொல்லிக்கொடுத்தபடியே. முதுகு என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

கத்தரி நின்றது.

"சார், வெளிச்சத்தை மறைக்கிறீங்க. கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க" என்றார் டாக்டரம்மா.

இரண்டு எட்டு செருப்புச் சத்தம். பிறகு கத்தரி கீழ்விளிம்பு வரை ஒரே ஓட்டமாக ஓடியது. ஏழாவது நிமிடம் நாலு கைகள் அவரைப் புரட்டின. வழக்கம்போல அவர் ஒரு துளிகூட ஒத்துழைக்கவில்லை. "முதுகுல காயம்" என்ற டாக்டரம்மாவின் குரலும், மதிப்பெண் தாளில் பேனா கீறும் சத்தமும் அடுத்தடுத்துக் கேட்டன.

சாயங்காலம் சட்டையை ஜன்னலோரம் விரித்தார்.

"இன்னைக்குப் பொழச்சீங்களா?" என்றாள் மனைவி. "ஏன், இன்னும் தைக்கலையா?"

அவர் மேசை டிராயரைத் துழாவி, துணியில் குறி போடும் சாக்பீஸை எடுத்தார். வெட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்து, நெஞ்சுக்குச் சற்றுக் கீழே கோணல் முடிந்து நேராகும் இடத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டார்.